பிக்சல் திகில் கேம்கள்: முதல்முறை ஆடுகிறவர்களுக்கு

பெரிய ஸ்டுடியோக்களின் கேம்களில் முகத்து வியர்வைகூடத் தனித்தனியாகத் தெரியும். அதற்குப் பழகிய ஒருவரிடம், விரல்நகம் அளவுள்ள ஒரு பொம்மை உருவம் இருட்டு நடைவழியில் போவதைக் காட்டி இதுதான் திகில் கேம் என்றால் சிரிப்பார். அவரையே ஹெட்ஃபோன் மாட்டி அரை மணி நேரம் ஆட விடுங்கள். ஏதோ ஒரு கதவுக்கு முன்னால் வந்து நின்று, பட்டனை அழுத்தாமல் யோசித்துக்கொண்டிருப்பார். இத்தனை கொஞ்சம் படத்தை வைத்துக்கொண்டு இந்த கேம்கள் எப்படி வேலை செய்கின்றன, புதிதாக ஆட வருகிறவர் எதைக் கவனித்தால் நல்லது என்று பார்க்கலாம்.

இண்டி என்றால் பெரிய வெளியீட்டாளரின் பணமும் கட்டளையும் இல்லாமல் ஒருவரோ சிறு குழுவோ செய்வது. பிக்சல் ஆர்ட் என்றால் புள்ளி புள்ளியாகக் கையால் வைத்து வரைந்த, குறைந்த ரெசல்யூஷன் படம். அட்வெஞ்சர் வகையில் சண்டை குறைவு. தேடுவது, படிப்பது, பொருள்களைச் சேர்ப்பது, புதிரை அவிழ்ப்பது, அதன் வழியே கதையை நகர்த்துவது, இவ்வளவுதான் வேலை. இதில் திகிலும் சேர்ந்தால், சண்டை போடத் தெரியாத ஒருவரை ஆபத்தான வீட்டுக்குள் விட்டுவிட்டு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்க்கச் சொல்வதாக ஆகிவிடுகிறது.

குறைவான படம், அதிகமான பயம்

16×16 அளவில் வரைந்த ஓர் உருவத்தில் மொத்தமே 256 பிக்சல்கள். கண் என்பது அதில் ஒன்றோ இரண்டோ. அந்த முகம் சிரிக்கிறதா, அழுகிறதா, நம்மைத்தான் பார்க்கிறதா என்பதைப் படம் சொல்லாது. சுற்றி நடப்பதை வைத்து நாமே முடிவு செய்துகொள்கிறோம். நடைவழியின் கோடியில் ஒரு கறுப்புத் திட்டு. அது கோட் மாட்டும் ஸ்டாண்டா, நிற்கிற ஆளா? உற்றுப் பார்த்துப் பயனில்லை, அங்கே இருப்பது பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள்தான். தெரிந்துகொள்ள ஒரே வழி பக்கத்தில் போவது. நிஜமாகத் தெரியும் ஒரு 3டி மாடலிடம் இந்தச் சந்தேகம் எழ வாய்ப்பு குறைவு.

இது புது உத்தி இல்லை. 1982-ல் டிவியோடு இணைத்து ஆடும் அட்டாரி 2600 மெஷினுக்கு வந்த ஹான்டட் ஹவுஸ் கேமில், இருண்ட மாளிகைக்குள் நீங்கள் நடத்திச் செல்லும் ஆளுக்கு உடம்பே கிடையாது. ஒரு ஜோடி கண்கள் மட்டும் திரையில் நகரும். தீக்குச்சி கொளுத்தினால் சுற்றிலும் கொஞ்சம் தெரியும். அந்த மெஷினில் அதிகம் வரைய முடியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இருட்டில் நிற்கிறவருக்குக் கண்ணைத் தவிர வேறு எதை வரைவது?

1989-ல் கேப்காம் நிறுவனம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் மெஷினுக்குச் செய்த ஸ்வீட் ஹோம் இன்னும் ஒரு படி போனது. ஐந்து பேர் ஒரு மாளிகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் மருந்துப் பெட்டி என்று ஆளுக்கு ஒரு கருவி. செத்தவர் செத்தவர்தான், திரும்ப வரமாட்டார். கூடுதல் பொருள்களை வைத்துக்கொள்ளவும் இடம் மிகக் குறைவு. 1996-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் இந்த கேமின் வாரிசு. கையில் கொஞ்சம்தான் கொள்ளும் என்ற நெருக்கடி இன்றுவரை தொடர்கிறது. ஜெர்மனியில் இரண்டு பேர் சேர்ந்து உருவாக்கி 2022-ல் வெளியிட்ட சிக்னாலிஸில் ஆறு பொருள்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. எதை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வி, எதிரே நிற்கும் பேயைவிட அதிக நேரம் உங்களைப் படுத்தும்.

குறைவாகக் காட்டுவதோடு இன்னொரு உத்தியும் உண்டு: காட்டும் விதத்தைத் திடீரென்று மாற்றுவது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஃபெய்த். ஏர்டார்ஃப் என்ற பெயரில் இயங்கும் டெவலப்பரின் வேலை. மூன்று அத்தியாயங்களும் சேர்ந்து 2022-ல் வெளிவந்தது. 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓடிய கேம்போல, கறுப்புப் பின்னணியில் நாலைந்து நிறத்தில் குச்சி குச்சியாக எல்லாம் இருக்கும். கதாநாயகரான பாதிரியாரே ஒரு நீலக் குச்சிதான். அதற்குப் பழகி, சரி, இவ்வளவுதான் என்று தளரும்போது ஒரு வெட்டுக்காட்சி, அதாவது நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் காட்சி, வரும். நிஜ மனித அசைவின் மேல் பிரேம் பிரேமாக வரைகிற ரோட்டோஸ்கோப்பிங் முறையில் செய்த காட்சி அது. கோடுகள் அதே முரட்டுக் கோடுகள், அசைவு மட்டும் உயிருள்ள ஒன்றின் அசைவு. பேச்சும் பழைய கம்ப்யூட்டரின் இயந்திரக் குரலில்தான் வரும். பெரும் பணம் கேட்கிற உத்திகள் இல்லை இவை. ஆனால் எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பணம் இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்கள்

ஓர் அறையை வரைய நாள் பிடிக்கும். தனியாளாக கேம் செய்கிறவரால் ஐம்பது அறை வரைந்துகொண்டிருக்க முடியாது. அதனால் பத்து அறையை வைத்துக்கொண்டு அதிலேயே உங்களை அலையவிடுவார். மற்ற வகை கேம்களில் இது குறையாகத் தெரியும். திகிலில் இதுவே ஆயுதம். ஒரே நடைவழியில் நாலு தடவை போய்வந்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று மனப்பாடம் ஆகிவிடும். ஐந்தாவது தடவை சுவரில் ஒரு படம் மட்டும் இல்லை. டெவலப்பருக்கு ஆன செலவு, ஒரு படத்தை அழித்தது. உங்களுக்கோ அந்த நடைவழி இனி பாதுகாப்பான இடம் இல்லை.

ஜப்பானில் இந்த வகை வளர்ந்ததற்கே ஒரு மலிவான கருவிதான் காரணம். ஆர்பிஜி மேக்கர் என்ற மென்பொருள், புரோகிராமிங் தெரியாதவர்களும் கட்டம் கட்டமாக வீடு, காடு, ஆள் எல்லாம் வைத்து கேம் செய்ய வழி தந்தது. போர்வீரர், மந்திரவாதி கதைகளுக்காக வந்த கருவி அது. அதில் பலர் சண்டையைத் தூக்கி எறிந்துவிட்டு திகில் செய்தார்கள். 1996-ல் கார்ப்ஸ் பார்ட்டி, 2004-ல் கிகியாமா என்பவரின் யூமே நிக்கி, பிறகு ஆவோ ஓனி, 2012-ல் இப், தி விட்சஸ் ஹவுஸ் என்று ஒரு வரிசையே உண்டு. கருவியோடு வரும் அதே புத்தக அலமாரி, அதே கட்டில் பல கேம்களில் திரும்பத் திரும்பத் தென்படும். கொஞ்சம் ஆடியபின் பழைய தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல இருக்கும்.

ஆர்பிஜி மேக்கரே வேண்டும் என்றும் இல்லை. போலந்தில் பல் மருத்துவரான ஒருவர் வேர்ல்ட் ஆஃப் ஹாரர் என்ற கேமின் படங்களை எம்.எஸ். பெயின்ட்டில் வரைந்தார். ஆம், விண்டோஸோடு இலவசமாக வரும் அதே பெயின்ட். ஸ்பெயினின் தி கேம் கிச்சன் குழு 2013-ல் தொடங்கிய தி லாஸ்ட் டோரில் முகங்களே கிடையாது என்று சொல்லலாம், அவ்வளவு பெரிய புள்ளிகள். அதை ஈடுகட்டுவது இசையும் ஒலியும். இதனால்தான் ஹெட்ஃபோனை வற்புறுத்துகிறேன். படத்தில் மிச்சம் பிடித்த உழைப்பு பெரும்பாலும் ஒலிக்குள் போயிருக்கும். மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்பதைக் காட்ட ஆளை வரைய வேண்டியதில்லை, மரப்பலகை முனகினால் போதும். மொபைல் ஸ்பீக்கரில் ஆடினால் பாதி கேமை ஆடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அறைக்குள் எப்படி ஆடுவது

கற்பனையாக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கட்டில், மேஜை, நின்றுபோன சுவர்க் கடிகாரம், ஒரு குடும்பப் படம், மூன்று எண் கேட்கும் பூட்டுப் போட்ட டிராயர். புதியவர் நேரே டிராயரிடம் போய் 000, 001 என்று ஆரம்பிப்பார். செய்யாதீர்கள். முதல் வேலை, அறையில் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது. கடிகாரத்தைத் தொட்டால் "4:10-ல் நின்றுவிட்டது" என்று ஒரு வரி வரும். குடும்பப் படத்தைத் தொட்டால் "நான்கு பேர். ஒரு முகம் சுரண்டப்பட்டிருக்கிறது" என்று வரும். கட்டிலைத் தொட்டால் "படுக்கை இன்னும் சூடாக இருக்கிறது."

இந்த மூன்று வரிகளும் மூன்று வேறு வேலை செய்கின்றன. கடிகார வரி புதிருக்கு. 410 என்று போட்டால் டிராயர் திறக்கலாம். குடும்பப் பட வரி கதைக்கு. அந்த நாலாவது ஆள் யார் என்பது பின்னால் வரும். கட்டில் வரி பயத்துக்கு மட்டும். அதில் புதிரும் இல்லை, கதையும் இல்லை, யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்ற செய்தி மட்டும். புதியவர்கள் பெரும்பாலும் முதல் வகையை மட்டும் தேடி மற்ற வரிகளை வேகமாகத் தட்டித் தள்ளுகிறார்கள். படம் குறைவான கேமில் எழுத்துதான் கேமரா. அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது பெட்டி பெட்டியான ஒரு தரைதான்.

டிராயர் திறந்தது, உள்ளே ஒரு சாவி. எந்தக் கதவுக்கு? வரும் வழியில் பூட்டியிருந்த ஒன்றுக்கு. அதாவது, வந்த நடைவழியிலேயே திரும்பப் போக வேண்டும். நல்ல திகில் அட்வெஞ்சரில் புதிரும் பயமும் இப்படித்தான் பின்னிக்கிடக்கும்: விடை தெரிந்ததற்கான பரிசு, போக விரும்பாத இடத்துக்குப் போவது. திரும்பும்போது அந்தக் கட்டிலை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். வரி மாறியிருந்தால் நல்ல டெவலப்பரிடம் மாட்டியிருக்கிறீர்கள்.

பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்வது உதவும். எண்கள், பூட்டிய கதவுகள், விளங்காத பெயர்கள், இவற்றை மட்டும் குறித்தால் போதும். சேர்த்த பொருள்களைக் காட்டும் இன்வென்டரி பட்டியலுக்குள் போய், கையில் உள்ளவற்றையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில கேம்களில் பொருளைத் திருப்பிப் பார்க்கலாம், இரண்டை இணைக்கலாம்.

துரத்தல் வேறு கதை. 1995-ல் சூப்பர் ஃபேமிகாமில் வந்த கிளாக் டவர் இதற்கு இலக்கணம் வகுத்தது எனலாம். பெரிய கத்தரிக்கோலோடு ஒருவன் வருவான். ஜெனிஃபர் என்ற பெண்ணால் அவனை அடித்து வீழ்த்த முடியாது, ஓடி ஒளியத்தான் முடியும். அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்பதை மூலையில் உள்ள அவள் முகப் படத்தின் நிறம் சொல்லும். ஆவோ ஓனியில் நீல நிற உருவம் ஒன்று வீடு முழுக்கத் துரத்தும். இரண்டிலும் பிழைப்பது விரல் வேகத்தால் இல்லை. துரத்தல் தொடங்குவதற்கு முன்பே எந்த அறையில் அலமாரி இருக்கிறது, எந்த அறைக்கு இரண்டு கதவு என்று தெரிந்தவர் தப்பிப்பார். அமைதியான நேரத்தில் சுற்றிப் பார்ப்பதன் பலன் அப்போதுதான் கிடைக்கும். முதல் தடவை பிடிபட்டால் கவலை வேண்டாம், தி விட்சஸ் ஹவுஸ் மாதிரி சில கேம்கள் செத்துச் செத்துக் கற்கும்படியே கட்டப்பட்டவை.

அதனால் சேவ் செய்வது, அதாவது ஆடிய இடம்வரை பதிந்து வைப்பது, முக்கியம். எல்லா இடத்திலும் சேவ் செய்ய முடியாது என்பதும் இந்த வகையின் ஒரு குணம். தி விட்சஸ் ஹவுஸில் கறுப்புப் பூனை ஒன்று இருக்கும் இடத்தில்தான் முடியும். லோன் சர்வைவர் என்ற கேமில் படுத்துத் தூங்கினால்தான். சேவ் வசதி கண்ணில் பட்டதும் செய்யுங்கள், ஆனால் ஒரே ஸ்லாட்டில் மேலே மேலே எழுதாதீர்கள். மூன்று, நான்கு ஸ்லாட்டுகளில் மாற்றி மாற்றி வைத்தால், வெளியே வர வழியில்லாத ஓர் இடத்தில் சேவ் செய்து முழு கேமையும் முதலிலிருந்து ஆட வேண்டிய கொடுமை வராது. 2012-ல் வந்த ஹோம் மாதிரி சிலவற்றில் சேவே கிடையாது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், சுமார் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும்.

திரை, வெளிச்சம், ஓர் எச்சரிக்கை

பிக்சல் படம் முழு எண் மடங்கில் பெரிதானால்தான் கூர்மையாக இருக்கும். 320×180 அளவில் வரைந்த கேம் 1920×1080 திரையில் சரியாக ஆறு மடங்கு, பிரச்சினை இல்லை. அதுவே 1366×768 லேப்டாப் திரையில் நாலே கால் மடங்கு சொச்சம். சில புள்ளிகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் கோணலாகத் தெரியும். செட்டிங்ஸில் இன்டீஜர் ஸ்கேலிங் என்று இருந்தால் போட்டுவிடுங்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

வெளிச்சத்தைக் கேம் கேட்கிற அளவுக்கு வைத்தால் போதும், எல்லாம் தெரிய வேண்டும் என்று ஏற்றினால் பயமும் சேர்ந்து வெளுத்துவிடும். வலிப்பு உள்ளவர்களுக்கும் பளிச்சிடும் ஒளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. இந்த வகையில் திரை மின்னுவது சகஜம். தொடக்க எச்சரிக்கையைப் படித்து, மின்னலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆடுங்கள்.

படம் பொம்மைபோல இருப்பதால் விஷயமும் குழந்தைகளுக்கானது என்று எண்ணிவிட வேண்டாம். தி லாஸ்ட் டோரின் முதல் காட்சியே ஒரு தற்கொலை, அதுவும் பொத்தானை அழுத்துவது நீங்கள். ஃபின்லாந்தின் ஒற்றை டெவலப்பர் ஒருவர் 2015-ல் வெளியிட்ட டிஸ்ட்ரெய்ன்ட், வேலை உயர்வுக்காக முதியவர்களின் வீட்டைப் பறிக்கும் ஒருவனின் குற்ற உணர்ச்சியைப் பற்றியது. பேயைவிடத் துக்கமும் குற்ற உணர்ச்சியுமே இந்த வகையில் அதிகம் வரும். மனம் சரியில்லாத நாளில் எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

குறைகளும், முடிவுகளும்

எல்லாமே கலை என்று சொல்லி ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. மோசமானவையும் நிறைய உண்டு. முதல் தொல்லை பிக்சல் வேட்டை: பழுப்புத் தரையில் பழுப்புச் சாவியைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் தேடவிடுவது. இது புதிர் இல்லை, கண் பரிசோதனை. இரண்டாவது, நத்தைபோல நடக்கும் ஆளை வைத்துக்கொண்டு ஒரே பாதையில் இருபது தடவை போகவிடுவது. மேலே சொன்ன நடைவழி உத்திக்கும் இதற்கும் வித்தியாசம் எளிது. அங்கே ஏதாவது மாறியிருக்கும், இங்கே ஒன்றும் மாறியிருக்காது. மூன்றாவது, காதைக் கிழிக்கும் சத்தத்தோடு ஒரு முகத்தைத் திரை முழுக்கக் காட்டுவது. ஒரு தடவை சரி. ஐந்தாவது தடவையும் அதையே செய்கிறவரிடம் வேறு சரக்கு இல்லை. இப்படி மாட்டிக்கொண்டால் கூச்சப்படாமல் வாக்த்ரூ, அதாவது யாராவது எழுதிவைத்த விடைக் குறிப்பு, பாருங்கள். ஆனால் அந்த ஒரு விடையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். பக்கத்து வரியிலேயே முடிவு எழுதியிருக்கும்.

முடிவு என்றதும் சொல்ல வேண்டியது, இந்த கேம்களில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. ஓவியக் காட்சிக்கூடத்தில் மாட்டிக்கொள்ளும் சிறுமியின் கதையான இப்பில், கையிலுள்ள ரோஜாவின் இதழ்களே அவள் உயிர். கூட வருகிறவர்களிடம் அவள் எப்படி நடந்துகொண்டாள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். லோன் சர்வைவர் இன்னும் நுட்பமானது. நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மாத்திரையை நம்பி ஓட்டினீர்களா என்பதையெல்லாம் சத்தமில்லாமல் கணக்கு வைத்துக்கொண்டு கடைசியில் காட்டும். ஹோம் எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டிவிடும். நடந்தது என்ன என்பதையே உங்களிடம் கேட்கும். ஆகவே முதல் தடவை நல்ல முடிவு வேண்டும் என்று கணக்குப் போட்டு ஆடாதீர்கள். உங்களுக்குத் தோன்றியபடி ஆடி, வருகிற முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் அப்புறம் மற்ற முடிவுகளைத் தேடலாம். பல கேம்கள் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் இது பெரிய சுமை இல்லை.

எதிலிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் இப். பயம் அளவாக இருக்கும், புதிர்கள் நியாயமானவை, துரத்தலும் கருணையோடுதான். 2022-ல் புதுப்பித்த பதிப்பும் வந்திருக்கிறது. அது பிடித்தால் அடுத்து தி லாஸ்ட் டோர், அதில் துரத்தலைவிடக் கதையும் சூழலும்தான் முக்கியம். பயப்படவே வந்தேன் என்பவர்கள் ஃபெய்த்துக்குப் போகலாம். வேர்ல்ட் ஆஃப் ஹாரரைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். திரை முழுக்க மெனுக்கள், எண்கள், ஒவ்வொரு முறையும் மாறும் நிகழ்ச்சிகள், புதியவருக்குத் தலை சுற்றும். பணம் போட யோசிப்பவர்களுக்கு இட்ச்.ஐஓ தளத்தில் இலவசமாகவே எக்கச்சக்கமான சின்ன கேம்கள் கிடைக்கும். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் சில கேம்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அப்படி முடித்து, ரசித்தும் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். அடுத்ததைச் செய்யப் போகிறவர் அதே ஒற்றை ஆள்தான்.